கட்டுப் போட்ட கால்

"மாடிப்படி ஏறும்போது உங்கண்ணன் எந்தக் காலை முதல்ல வைப்பான்?"

பால் கொடுக்கும் நிலையத்தின் வாசலில் வைத்து அகஸ்ட் ரீமர் என்னிடம் கேட்ட கேள்வி இது. பிப்ரவரி மாதம். நான் காலிக் கேன்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். குளிரில் கேனின் கைப்பிடி, கையுறையையும் மீறிக் கையைச் சுட்டது. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். இரண்டு காதுகளும் நசுங்கி, பிசைந்த மாவை உருட்டி அப்பிவைத்தது போல இருந்தன. என் அண்ணனுக்கும் அதே காதுகள்தான். குஸ்தி பிடிக்கிறவர்கள் எல்லாருக்கும் கடைசியில் ஒரே காதாகிவிடுகிறது.

அவரை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. சுவரொட்டியில்தான் பார்த்திருக்கிறேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஜெர்மன்காரர்களின் ஊரில் அவர் கசாப்புக் கடை வைத்திருந்தார். இந்தப் பக்கம் நாங்கள், அமெரிக்காவுக்குக் குடிவந்த நார்வேக்காரர்கள். எங்களுக்கு என் அண்ணன் ஹால்வர். குளிர்காலத்தில் ஐயோவா மாநிலத்தின் எந்த அடுப்பங்கரையில் உட்கார்ந்தாலும் பேச்சு கடைசியில் ஹால்வரா ரீமரா என்றுதான் போய் நிற்கும். ஐந்து வருடத்தில் நான்கு முறை மோதியிருந்தார்கள். முதல்முறை சந்தைக் கூடாரத்தில் இருட்டும்வரை பிடித்தும் யாரும் யாரையும் மல்லாத்த முடியவில்லை. அடுத்தமுறை ரீமர் ஜெயித்தார். அண்ணனின் கழுத்தெலும்பு விரிசல் விட்டு ஒரு அறுவடை முழுக்க வேலை செய்யாமல் கிடந்தான். மூன்றாவதிலும் ரீமர்தான். நான்காவதில் அண்ணன் அவருடைய பாதத்தைப் பிடித்து முறுக்கியதில் அவர் வெகுநாள் நொண்டினார். மத்திய மாநிலங்களின் பட்டயம் எங்கள் வீட்டுக்கு வந்தது. ஜெயித்தவன் இடுப்பில் கட்டுகிற கனமான தோல்வார். அலமாரிக்குள் இருந்து எப்போதும் குதிரைச் சேணத்தின் வாசனை அடிக்கும்.

இப்போது ஐந்தாவது ஆட்டத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. ஜெயிக்கிறவனை சிகாகோவுக்குக் கூப்பிடுவார்கள் என்று பேச்சு.

நான் பதில் சொல்லவில்லை. அண்ணனின் எதிரி என்பதற்காக இல்லை, நான் யாருக்குமே பதில் சொல்லிப் பழகாதவள். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று இங்கிலீஷ் பாடத்தைப் படிக்கச் சொன்னால் தொண்டைக்குள் யாரோ உள்ளிருந்து கதவைச் சாத்தியது போலாகிவிடும். ஏழாம் வகுப்போடு நின்றுகொண்டேன். அப்பாவும் அம்மாவும் போன பிறகு வீட்டில் அண்ணனும் நானும்தான். மாடுகளுக்கு நார்வே மொழி போதும்.

"சொல்ல மாட்டே. சரி," என்றார் ரீமர். "கெட்டது நினைச்சுக் கேக்கலம்மா. கிறிஸ்துமஸ் முடிஞ்சதிலேர்ந்து அவன் எங்கயும் இறங்கலை. ரெண்டு ஊர் ஆட்டத்தைத் தள்ளிப்போட்டுட்டான். கால்ல ஏதோ ஆயிருக்கு. எந்தக் கால்னு தெரிஞ்சா நான் அந்தப் பக்கம் கையே கொண்டுபோக மாட்டேன்."

நான் அடுத்த கேனைத் தூக்கினேன்.

"நம்பலை பாரு. நானா இருந்தாலும் நம்ப மாட்டேன்." சிரித்தார். முன்பல் ஒன்று இல்லை. "அவன் முடமாயிட்டா நான் யாரோட குஸ்தி பிடிக்கறது? மத்தவனுங்க எல்லாம் மூட்டை மாதிரி. தூக்கினா வரானுங்க. உங்கண்ணன் ஒருத்தன்தான் என்னை வேர்க்க வைக்கிறான். அவன் இல்லேன்னா பன்னி வெட்டிக்கிட்டே கிழவனாக வேண்டியதுதான்."

மிச்சமிருந்த இரண்டு கேன்களையும் ஒரே கையில் தூக்கி வண்டியில் வைத்துவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். நிலையத்து ஜன்னலில் பால் அளக்கும் லார்ஸ் நின்று பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. கண்ணாடியில் அவன் மூச்சு படிந்து வெளுத்திருந்தது.

அந்தக் கேள்விக்கான பதில் எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் சாயங்காலம் கேட்கிற சத்தம்தான் அது. ஜனவரியில் தண்ணீர்த் தொட்டியருகே பனிக்கட்டியில் வழுக்கி எங்கள் பெண்குதிரை விழுந்தபோது அண்ணனின் இடது கால் அதன் அடியில் மாட்டிக்கொண்டது. முழங்கால் பரங்கிக்காயாக வீங்கிற்று. வைத்தியரைக் கூப்பிடவில்லை. வைத்தியரின் மனைவிக்குத் தெரிந்தால் மாதா கோயிலுக்கே தெரிந்த மாதிரி. அண்ணனின் ஆட்டங்களை ஏற்பாடு செய்யும் டிரிஸ்கல்தான் பனியை வைத்துக் கட்டி, ஏதோ தைலத்தைத் தேய்த்து வீக்கத்தை இறக்கினார். நேராக நடந்தால் ஒன்றும் தெரியாது. ஏர் பிடிக்கலாம், மூட்டை தூக்கலாம். ஆனால் பக்கவாட்டில் திரும்பினால் முழங்கால் பிடிமானம் இல்லாமல் நழுவும். படியேறும்போது வலது காலை மேலே வைத்து, இடதை அதன் பக்கத்தில் இழுத்துக்கொள்வான். கீழே சமையலறையில் இருக்கும் எனக்கு ஒரு கனத்த சத்தமும் ஒரு மெல்லிய சத்தமுமாகக் கேட்கும்.

முறுக்கினால் போச்சு. டிரிஸ்கல் அதை வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். "இதை எவனாவது பாதத்தைப் பிடிச்சு முறுக்கினான்னா, அப்புறம் இது கால் இல்லை, மரம்."

நான் வீடு வந்து சேர்வதற்குள் லார்ஸின் பேச்சு வந்து சேர்ந்துவிட்டது. அண்ணன் அடுப்புக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். டிரிஸ்கல் நின்றுகொண்டே உருளைக்கிழங்கு ரொட்டியில் வெண்ணெய் தடவிச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஐரிஷ்காரர். எங்கள் வீட்டில் எதையும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

"வா வாயாடி," என்றான் அண்ணன். என்னை அவன் கூப்பிடுகிற பெயர் அது. பேசாத எனக்கு வாயாடி என்று பெயர் வைத்ததில் அவனுக்கு அலாதி சந்தோஷம். "கசாப்புக்காரன் உன்கிட்ட ஒரு மணி நேரம் பேசினானாமே. கல்யாணம் பேசினானா?"

"நீ எந்தக் காலை முதல்ல வைப்பேன்னு கேட்டாரு. படியேறும்போது."

டிரிஸ்கல் மெல்லுவதை நிறுத்தினார்.

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலை."

அண்ணன் தொடையில் தட்டிச் சிரித்தான். "கேக்கறதுக்கு ஆள் பார்த்தான் பாருங்க! இவகிட்டப் பேச்சு வாங்கறதுக்கு அந்தக் கேன்கிட்டக் கேட்டிருக்கலாம்."

"எந்தக் கால்னு தெரிஞ்சா அந்தப் பக்கம் கையைக் கொண்டுபோக மாட்டேன்னும் சொன்னாரு."

இப்போது டிரிஸ்கலும் சிரித்தார். ரொட்டித் துணுக்கு தரையில் சிதறிற்று. "எல்லாப் பயலும் அதைத்தான் சொல்லுவான், பாப்பா. நானும் பிடிக்கற காலத்துல சொல்லியிருக்கேன். ஒரு தடவை ஒருத்தனோட பொண்டாட்டிகிட்டயே சொன்னேன். பாவம், அது நம்பி தோள்பட்டைன்னு சொல்லிருச்சு."

"அப்புறம்?" என்றான் அண்ணன்.

"அப்புறம் என்ன, தோள்பட்டைதான்."

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. ரீமருக்குக் கால் என்று தெரிந்துவிட்டது, எந்தக் கால் என்று தெரியாது. அதுதான் அவர்களுக்கு வேண்டிய சேதியாக இருந்தது. மற்றதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆட்டத்துக்கு முந்தின நாள்தான் கட்டு விஷயம் வந்தது. குஸ்திக்காரர்கள் மத்தியில் இது ரொம்பப் பழைய பழக்கம். அடிபட்ட இடத்தில் யாரும் கட்டுப் போட மாட்டார்கள். நல்ல இடத்தில் போடுவார்கள். எதிராளி கட்டைப் பார்த்து அங்கேயே பாய்வான், அடிபட்ட இடம் தப்பித்துவிடும். இரண்டாவது ஆட்டத்தில் ரீமர் முழங்கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து அண்ணனை ஏமாற்றினார். அண்ணன் அந்தக் கையையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தபோது அந்தக் கையாலேயே இவனைத் தூக்கிப் போட்டார்.

டிரிஸ்கல் துணிச்சுருளை எடுத்து என்னிடம் கொடுத்தார். பழைய ஃபிளானல். நான்தான் அதைக் கிழித்து, துவைத்து, சுருட்டி வைத்திருந்தேன். கட்டுவதற்கு என் கைதான் அண்ணனுக்குப் பிடிக்கும். "வலது கால்ல போடு பாப்பா. நல்லாத் தெரியற மாதிரி."

"வேண்டாம்," என்றான் அண்ணன். "இடதுல போடு."

"உனக்கு மூளை கெட்டுப்போச்சா? கெட்ட காலுக்கே கட்டா?"

"ரீமர் நேத்து வந்த பையனா? கட்டைப் பார்த்ததுமே, இது நல்ல கால், மத்ததுதான் கெட்ட கால்னு முடிவு பண்ணுவான். பண்ணிட்டு வலதைப் பிடிப்பான். பிடிக்கட்டும். என் வலது காலை அவன் ஞாயித்துக்கிழமை வரைக்கும் முறுக்கினாலும் எனக்கு ஒண்ணும் ஆகாது. அவன் முறுக்கிக்கிட்டே இருக்கும்போது நான் அவன் கழுத்துல உக்காந்திருப்பேன்."

டிரிஸ்கல் இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர் முகம் மெதுவாக மலர்ந்தது. "படுபாவி," என்றார். "நீ குஸ்திக்கு வந்திருக்கவே கூடாது. வக்கீலாப் போயிருக்கணும்."

நான் மண்டியிட்டு இடது முழங்காலில் கட்ட ஆரம்பித்தேன். என் மனதில் பால் நிலையத்து வாசல் வந்துகொண்டே இருந்தது. அந்தப் பக்கம் கையே கொண்டுபோக மாட்டேன். அவர் சொன்னது பொய்யாக இருந்தால் அண்ணன் சொல்வது சரி. மெய்யாக இருந்தால்? துணி கையில் நின்றுவிட்டது.

"என்ன?" என்றான் அண்ணன்.

"அவரு நிஜமாவே சொல்லியிருந்தா?"

"என்ன நிஜமா?"

"விட்டுக்கொடுக்கறேன்னு சொன்னது."

அண்ணன் குனிந்து என் மூக்கைப் பிடித்து ஆட்டினான். "வாயாடி, ஆடு மாடு விட்டுக்கொடுக்கும். ரீமர் விட்டுக்கொடுக்க மாட்டான். நல்லா இறுக்கிக் கட்டு."

நான் இறுக்கிக் கட்டினேன்.

நகரத்து நாடகக் கொட்டகையில் ஆட்டம். மேடைக்கு நடுவில் விரிப்பைப் போட்டு நாலு பக்கமும் கயிறு கட்டியிருந்தார்கள். பின்னால் எந்தக் காலத்து நாடகத்துக்கோ தீட்டிய ஏரியும் மலையும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன. நான் பக்கத்துத் திரைக்குப் பின்னால், டிரிஸ்கலின் அருகில், வாளியும் துவாலையுமாக நின்றேன். கீழே ஒரே சுருட்டுப் புகை. பன்றி வியாபாரிகளும் ரயில்காரர்களும் எங்கள் மாதா கோயிலில் முன்வரிசையில் உட்காருகிறவர்களும் இருந்தார்கள். இந்தப் பக்கம் நார்வே மொழியில் கத்தினார்கள், அந்தப் பக்கம் ஜெர்மனில்.

"ஏய் ரீமர், தொங்கவிட்ட பன்னி இல்லடா இது, திருப்பிக் கடிக்கும்!"

"ஹால்வர், அன்னிக்குத் தொலைச்ச கழுத்தெலும்பைக் கொண்டுவந்திருக்கியா?"

மூன்று சுற்றில் இரண்டு முறை எதிராளியின் தோள்கள் இரண்டையும் விரிப்பில் அழுத்த வேண்டும், அல்லது வலி தாங்காமல் அவனே உள்ளங்கையால் தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டும். ரீமர் மேடைக்கு வந்ததும் முதலில் அண்ணனின் காலைப் பார்த்தார். வெள்ளைக் கட்டு விளக்கில் பளிச்சென்று தெரிந்தது. அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. தேடிக்கொண்டிருந்த சாமான் கிடைத்தவர் போல லேசாகத் தலையாட்டிக்கொண்டார்.

முதல் சுற்றை அண்ணன் எடுத்தான். வெகுநேரம் பிடித்தது. ரீமரின் அக்குளுக்குள் கையை விட்டுப் பிடரியை அழுத்தி, ஈரச் சாக்கைப் புரட்டுவது போல அங்குலம் அங்குலமாகப் புரட்டினான். இரண்டாவது சுற்றில் ரீமர் இடுப்பைக் கட்டித் தூக்கி அடித்து ஜெயித்தார். பலகையின் அதிர்வு என் கால் வரைக்கும் வந்தது.

இடைவேளையில் துவாலையால் துடைக்கும்போது அண்ணனின் உடம்பிலிருந்து ஆவி எழுந்தது. "கால் எப்படி?" என்றார் டிரிஸ்கல்.

"அவன் எந்தக் காலையுமே பிடிக்கலை," என்றான் அண்ணன். குழப்பத்தோடு சொன்னான்.

மூன்றாவது சுற்றில்தான் நான் அதைப் பார்த்தேன். அண்ணன் முன்னால் பாய்ந்து தவறிக் கவிழ்ந்து விழுந்தபோது அவனுடைய வலது பாதம் ரீமரின் மடிக்கே வந்துவிட்டது. பிடித்து முறுக்க வேண்டியதுதான் பாக்கி. கூட்டம் எழுந்து நின்றது. "பிடிடா கசாப்பு!" ரீமரின் கை அதன் மேல் வந்து, சுடுகிற பாத்திரத்தைத் தொட்டது போலப் பின்வாங்கிற்று. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே மாதிரி. மறுபடியும் விட்டார். ஜெர்மன்காரர்களே அவரைத் திட்ட ஆரம்பித்தார்கள்.

"ஏன் வலதை விட்டுட்டுப் போறான்?" டிரிஸ்கல் தனக்குத்தானே முணுமுணுத்தார். பிறகு அவர் முகம் என் பக்கம் திரும்பிற்று. "அவனுக்கு எப்படித் தெரிஞ்சது?"

நான் சொல்லவில்லை என்று தலையாட்டினேன். எனக்குப் புரிந்தது வேறு. அவர் பொய் சொல்லவில்லை. கெட்ட காலைத் தொடமாட்டேன் என்று சொன்னவர் தொடாமலிருக்கிறார். கெட்ட கால் வலது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்படியானால் முறுக்குவதற்கு அவருக்கு மிச்சமிருப்பது இடது கால்தான். டிரிஸ்கலின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "நிறுத்தச் சொல்லுங்க. துவாலையைப் போடுங்க, தோத்ததா இருக்கட்டும்." அந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் என் கையை உதறிவிட்டார். கையிலிருந்த துவாலையை நானே வீசினேன். அது கயிறு வரைக்கும்கூடப் போகவில்லை. வாளிக்குப் பக்கத்தில் விழுந்தது.

ரீமர் அண்ணனின் இடது காலைப் பிடித்தார். நிதானமாகத்தான் பிடித்தார். நல்ல கால் தாங்கும், வலித்தால் தட்டுவான் என்ற நிதானம். பாதத்தை அக்குளில் செருகி, கட்டுப் போட்ட முழங்காலுக்கு மேல் தன் தொடையை வைத்துத் திருப்பினார். அண்ணனின் கை விரிப்பின் மேல் இருந்தது. உள்ளங்கையைத் திறந்து ஒருமுறை தட்டியிருக்கலாம். அவன் விரல்களை மடக்கி முஷ்டியாக்கிக்கொண்டான். பட்டயத்தை அவன் கேட்டு வாங்கியவன் இல்லை, தரையைத் தட்டி விட்டுக்கொடுப்பவனும் இல்லை.

சத்தம் பெரிதாக இல்லை. ஈரத் துணியைப் பிழியும்போது தையல் விட்டுப்போவது போல ஒன்று. அண்ணன் கத்தவில்லை.

ரீமர் உடனே காலை விட்டுவிட்டார். நடுவர் சொல்வதற்கு முன்பே விட்டார். கைகள் இரண்டையும் விரித்தபடி மண்டியிட்டு அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது வேறு யாருடைய காலோ போல ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. நடுவர் அவருடைய கையைப் பிடித்து உயர்த்தினார். அவர் கையைப் பிடுங்கிக்கொண்டார். கூட்டம் ஊளையிட்டது. வேலை முடிந்ததும் விட்டுவிட்டான் பார், கசாப்புக்காரன், என்றார்கள்.

வைத்தியர் மூன்று முறை வந்தார். மூன்றாவது முறை, இனி இது மடங்காது என்றார். காலை எடுக்காமல் விட்டதே பெரிது என்றும் சொன்னார். டிரிஸ்கல் மார்ச் வரைக்கும் இருந்தார். ஒருநாள் பெட்டியோடு சமையலறையில் நின்று, "ஒமாஹாவுல ஒரு பையன் இருக்கானாம், போலந்துக்காரன், பார்த்துட்டுக் கடுதாசி போடறேன் தம்பி" என்றார். போகும்போது வழக்கம்போல நின்றுகொண்டே ஒரு ரொட்டியைச் சாப்பிட்டார். கடிதம் வரவில்லை.

அண்ணன் ஜன்னலோரம் காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருப்பான். மடங்காத கால் அறையில் மூன்றாவது ஆள் போல இருந்தது. சுற்றிக்கொண்டு போக வேண்டும். கீழ்நிலத்தைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் குத்தகைக்கு விட்டோம். பெண்குதிரையை விற்றோம். பட்டயம் ரீமருக்குப் போய்விட்டது. ஆனாலும் அலமாரியைத் திறந்தால் சேணத்தின் வாசனை போகவில்லை.

என்னோடு அவன் பேசுவது குறைந்தது. முதலில் வலியினால் என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் மாதா கோயில் வாசலில் லார்ஸின் மனைவி பின்னாலிருந்து சொன்னது காதில் விழுந்தது. "ஊமைன்னு நினைச்சோம். கசாப்புக்காரன் முன்னாடி மட்டும் வாய் திறந்திருக்கு." பக்கத்தில் நின்றவள் உஷ் என்றாள், ஆனால் மறுக்கவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனின் முகத்தைப் பார்த்தேன். அவனுக்கும் அந்தப் பேச்சு வந்திருக்கிறது, வந்து நாளாகியிருக்கிறது என்று தெரிந்தது. ரீமர் வலது காலை விட்டுவிட்டு இடதைப் பிடித்ததற்கு அவனிடம் வேறு காரணம் இல்லை. எந்தக் கால் என்று தெரிந்தவர்கள் மூன்று பேர். அவன் சொல்லவில்லை. டிரிஸ்கல் தன் பிழைப்பையே கெடுத்துக்கொள்ள மாட்டார்.

"நான் சொல்லலை அண்ணா," என்றேன்.

"மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்றான்.

வாயாடி என்று அவன் கூப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது.

ரீமரை சிகாகோவுக்குக் கூப்பிட்டார்கள். போனார், தோற்றார். இரண்டு சுற்றும் சீக்கிரமே முடிந்துவிட்டன என்றும், பாதப்பிடிக்குப் பெயர்போன ரீமர் அன்று எதிராளியின் காலைத் தொடவேயில்லை என்றும் நார்வேப் பத்திரிகையில் வந்திருந்தது. அண்ணன் அதைப் படித்துவிட்டு நாலாக மடித்து அடுப்பில் போட்டான்.

ஏப்ரலில், பாதை முழுக்கச் சேறாகக் கிடந்த ஒரு மத்தியானம், ரீமர் வந்தார். வண்டி வராது என்று ஆற்றுப் பாலத்திலிருந்து நடந்தே வந்திருந்தார். முழங்கால்வரை சேறு. கையில் துணியில் சுற்றிய பன்றித் தொடை ஒன்று. அவர் கடையில் புகைபோட்டது. நான் கதவைத் திறந்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

"யாரு?" என்றான் அண்ணன். பிறகு பார்த்துவிட்டான்.

"வா," என்றான். "வந்து நல்லாப் பாத்துக்கோ. தூக்கிக் காட்டட்டுமா? எடை போட்டுப் பாக்கறியா? கசாப்புக்காரன்தானே."

ரீமர் பன்றித் தொடையை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நான் காபி வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"முன்னாடியே வரணும்னு நினைச்சேன்," என்றார். "வந்தா என்ன சொல்றதுன்னு தெரியலை."

"சொல்ல என்ன இருக்கு? விலை கொடுத்து வாங்கினே. சாமான் நல்லாத்தான் இருந்தது."

"என்ன விலை? எதை வாங்கினேன்?"

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. மோவாயை மட்டும் என் பக்கம் அசைத்தான்.

ரீமருக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் அந்த நசுங்கிய காதுகள் வரை முகம் சிவந்தது. "இந்தப் பொண்ணா? இது எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலைப்பா. ஆமாம்னு சொல்லலை, இல்லைன்னு சொல்லலை. கேனைத் தூக்கிக்கிட்டே இருந்தது. இது வாயைத் திறந்து இடதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இன்னிக்கு நீ ஏர் பிடிச்சிக்கிட்டு இருப்பே."

"அப்ப எப்படித் தெரிஞ்சது உனக்கு?"

"என்ன தெரிஞ்சது?"

"இடதுன்னு."

"எனக்கு எங்க தெரிஞ்சது?" ரீமரின் குரல் உயர்ந்தது. "நீதானேடா கட்டுப் போட்டுக்கிட்டு வந்தே! கட்டுப் போட்ட கால் நல்ல கால். எத்தனை வருஷமா நாம எல்லாரும் அதைத்தானே செய்யறோம்? நான் முழங்கையில போட்டுக்கிட்டு வரலியா? கட்டைப் பார்த்ததும் அப்பாடான்னு இருந்தது எனக்கு. வலதுதான் அடிபட்டதுன்னு தெரிஞ்சுபோச்சு, அந்தப் பக்கம் போக வேண்டாம்னு நினைச்சேன். ரெண்டு தடவை உன் வலது கால் என் கையில வந்து விழுந்தது. விட்டேன். எங்க ஆளுங்களே காறித் துப்பினானுங்க. உனக்குத் தெரியலியா?"

அண்ணன் ஸ்டூலில் நீட்டியிருந்த காலைப் பார்த்தான்.

"நல்ல கால்னு நினைச்சுத்தான் பிடிச்சேன். முறுக்கினா வலிக்கும், தட்டுவே, முடிஞ்சிடும். அடுத்த வருஷம் நீ என்னை முறுக்குவே." அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "உள்ள பிஞ்சுபோனது என் தொடைக்குத் தெரிஞ்சது. இப்பவும் தெரியுது. சிகாகோவுல ஒருத்தன் காலு பக்கத்துல வந்தாலே இதுதான் தெரிஞ்சது."

அடுப்பில் கட்டை சரிந்தது. அண்ணனின் உதடுகள் அசைந்தன. அவன் எதையோ திரும்ப நடத்திப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று நினைக்கிறேன். இதே அடுப்பு, இதே நாற்காலி, தொடையில் தட்டிச் சிரித்தது, டிரிஸ்கலின் வாயிலிருந்து சிதறிய ரொட்டி. நான் மண்டியிட்டுத் துணியைப் பிடித்திருந்த இடத்தை அவன் பார்த்தான். அங்கே இப்போது ஒன்றும் இல்லை, தரைப்பலகைதான்.

"கெட்ட காலுக்கேவா கட்டுப் போட்டே?" என்று ரீமர் கேட்டார். மெதுவாக, தெரிந்துகொள்ள விரும்பாதவர் போலக் கேட்டார். "எதுக்கு?"

அண்ணன் ஊன்றுகோலை எடுத்தான். மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். ரீமர் தாங்கிக்கொள்ளப் பாதி எழுந்து, பிறகு உட்கார்ந்துவிட்டார். அண்ணன் அவரைத் தாண்டினான். என்னைத் தாண்டும்போது நின்றான். அவன் மூச்சு என் தலைமுடியில் பட்டது. நான் காத்திருந்தேன். அந்த ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும், வேறு எதுவும் சொல்ல வேண்டாம் என்று காத்திருந்தேன்.

அவன் கதவைத் திறந்தான். மடங்காத காலை முதலில் படியில் இறக்கி, நல்ல காலை அதன் பக்கத்தில் இழுத்துக்கொண்டான். பிறகு அடுத்த படி. கோட்டு ஆணியிலேயே தொங்கிற்று. ஊன்றுகோல் சேற்றில் புதைவதும் பிடுங்கிக்கொள்வதுமாகச் சத்தம் கேட்டது. களஞ்சியத்தைத் தாண்டியும் அது நிற்கவில்லை. திறந்த கதவு வழியாகக் குளிர் உள்ளே வந்துகொண்டிருந்தது.